கழுத்தில் ஏற்றிய மருந்து கண்களில் இறங்கிய காலை

“நேவிக் கப்பல் ரெண்டு வருது! ஓடுங்கோ!”

இந்தக் கூச்சலில் உப்புவெளியின் ஓர் ஒழுங்கையே பதுங்குகுழிப் பங்கருக்குள் இறங்கிய அந்தக் காலையை, ஓய்வுபெறும் எங்கள் அன்புக்குரிய வைத்திய நிபுணரே, பதற்றத்திலும் பதறாத பண்பின் பெட்டகமே, டொக்டர் நஜ்முன் நிஸா அம்மையீர் அவர்களே, நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்!

கூவியவர் தையல் ஆசிரியை கமலேஸ்வரி. வந்ததோ ஒரே கப்பல். பனி மூடிய கடலில் அது இரண்டாகப் பிரிந்து மிதந்தது அவர் கண்களுக்கு மட்டுந்தான். மதியத்துக்குள், உறக்கம் வந்ததுபோல் இமைகள் சரிந்தன. குரல் மூக்கால் வந்தது. குடித்த தண்ணீரும் மூக்கால் திரும்பியது. பங்கருக்குள் பாம்பு தீண்டியிருக்கும் என்று கணவர் குலசிங்கம் எங்கள் வைத்தியசாலைக்கு அள்ளிக்கொண்டு வந்தார். விஷமுறிவு மருந்து ஏற்ற நாங்கள் ஆயத்தமானோம். நீங்கள் கையை உயர்த்தித் தடுத்தீர்கள்.

“கப்பலை ரெண்டாக் கண்டது பங்கருக்குள்ள இறங்க முந்தியல்லோ? வாய் காயுதோ, பிள்ளை?”

“ஓம் டொக்டர். ரெண்டு மூண்டு நாளா எச்சிலே இல்லை.”

“கிட்டடியில ஊசி ஏதும் போட்டனீங்களோ?”

ஒரு பக்கமாகத் திருகி இழுக்கும் கழுத்துக்குக் கொழும்பில் பொட்டுலினம் ஊசி போட்டதைக் குலசிங்கம் அப்போதுதான் சொன்னார். தசையைத் தளர்த்தும் மருந்து அது, கழுத்தும் நேராகியிருந்தது.

“கழுத்துக்குப் போட்ட ஊசி கண்ணுக்கு எப்பிடிப் போகும், டொக்டர்?” என்றார் அவர்.

“உடம்புக்குள்ள மறிச்சுக் கேக்க ஆமிச் சென்றி இல்லைத்தானே, தம்பி!”

பாம்பாக இருந்திருந்தால், நீங்கள் தடுத்த அந்த மருந்துதான் கமலேஸ்வரியின் உயிர். ஆனாலும் எடுத்த மருந்தைக் கீழே வைத்தோம். உங்கள் குரல் நடுங்கவில்லை. மூச்சின் பலம் அறிய, அவரை ஒரே மூச்சில் எண்ணச் சொன்னீர்கள். எண்ணிக்கை தேயத் தேய, மூச்சூட்டும் காற்றுப் பையை நீங்களே அழுத்தினீர்கள். கை தளர்ந்த போதெல்லாம் நாங்கள் ஆள் மாறினோம். நீங்கள் கட்டிலை விட்டு அகலவில்லை. ஊரடங்கின் அமைதியில் நோயாளர் விடுதியே நங்கூரமிட்ட தோணியாகி, உங்கள் கைகளோடு ஏறியிறங்கி மிதந்த அந்த நாட்கள் கனவுபோல் கழிந்தன. வற்றிய கடல் திரும்புவதுபோல் மூச்சும் மெல்லத் திரும்பியது.

கேள்வியையே முதல் மருந்தாக்கிய மாண்பே! நோய் அண்டாத நெடுவாழ்வும், நிறைந்த உறக்கமும், பிள்ளைகள் சூழ்ந்த பெருமகிழ்வும் உங்களுக்கு வாய்க்க வேண்டுகிறோம். கமலேஸ்வரி முதல் மிடறு கஞ்சியை விழுங்கிய காலையில், கதிரையில் சாய்ந்தபடி நீங்கள் எங்களிடம் சொன்னதை இன்று சபையறியச் சொல்லிவிட்டே, விடுதி ஊழியர்களாகிய நாங்கள் கையொப்பமிடுகிறோம்:

“பிள்ளையள், இந்த வருத்தத்தைப் புத்தகத்தில வாசிச்சதுதான், கண்ணால இப்பதான் கண்டனான்.”