மெஷின் கன் சிவானந்தம்

இல்ல அங்கிள், பேனருக்குக் குடுத்த போட்டோவுல நீங்க பிடிச்சிருக்கிறது மெஷின் கன் இல்ல. எம்-சிக்ஸ்டீன். ரைபிள்னுதான் சொல்லணும். மெஷின் கன்னுன்னா தோட்டா பட்டையா தொங்கும், தரையில கால் ஊனி வச்சு சுடுவாங்க. நீங்க கத்திச் சொன்னா மட்டும் மாறிடுமா?

உக்காருங்க லா. பேனரு எங்கயும் ஓடிடாது.

கிளிப்புங்கிறீங்களே, அதுவும் தப்பு. அது மேகசின். பெரிய ஆர்மிக்காரன்னு கோலசிலாங்கூர் முழுக்கச் சொல்லிட்டுத் திரியிறீங்க, இதுகூடத் தெரியலையா? ஆமா, ஃபார்ம் ஃபோரோட பள்ளிக்கூடத்த விட்டு நின்னவதான் நான். பேனர் அடிக்கிறவதான். அதுக்கென்ன இப்ப?

யூடியூபா? இல்ல, வீட்டுல சொல்லிக் குடுத்தாங்க. போட்டோவுல பாருங்க, விரல டிரிக்கர் மேலயே வச்சிருக்கீங்க. சும்மா நிக்கிறப்ப எந்தச் சிப்பாயும் அப்படி வைக்கமாட்டான். சட்டையில குழம்புக் கறை வேற. பெருசாக்கினேன்ல, மஞ்சளா தெரியுது.

கோவப்படாதீங்க. கேம்புல உங்க வேல சமையல். அதுல என்ன கேவலம்? ஆனா ஒரே ஒரு போட்டோன்னு கெஞ்சி இன்னொருத்தரு ரைபிள வாங்கினீங்க பாருங்க, அந்தப் போட்டோ ஆபீசர் கைக்குப் போச்சு. ரைபிளக் கைமாத்துனாருன்னு அவர வேலைய விட்டே தூக்கிட்டாங்க. விசாரணையில நீங்க என்ன சொன்னீங்க? அவனாத்தான் என் கையில திணிச்சான்னு. அவரு தோட்டத்துக்கே திரும்பி வந்து, சாகுற வரைக்கும் செம்பனைக் குலை தூக்கினாரு. உங்களுக்கு நாளைக்கு மண்டபத்துல மாலை. வீரராம்.

யாரு சொன்னாங்கன்னு கேக்குறீங்களா? ஓரத்துல வெறுங்கையோட நிக்கிறானே, அவன வெட்டிடுன்னு நேத்து சொன்னீங்கல்ல? அவரேதான். ராஃபேல். எங்கப்பா.

வெட்டல அங்கிள். உங்க மருமகன் அழகேசன் காலையிலேயே வந்து, பேனர லோரியில ஏத்திட்டுப் போயி மண்டபத்து வாசல்ல கட்டிட்டாரு. பாவம், அவரு மலாய் ஸ்கூல்ல படிச்சவரு, தமிழ் வாசிக்கத் தெரியாது. உங்க மூஞ்சி இருக்கு, துப்பாக்கி இருக்கு, சூப்பர்னுட்டாரு.

பேனர்ல எல்லாத்துக்கும் சரியான பேர போட்டிருக்கேன். கையில இருக்கிறது ராஃபேலோட ரைபிள். பிடிச்சிருக்கிறது சமையல்காரர் சிவானந்தம். பக்கத்துல நிக்கிறது சிப்பாய் ராஃபேல்.

ஓடிப் போயி கழட்டப் போறீங்களா? போங்க. எழுத்து நல்லாப் பெருசு அங்கிள். ரோட்டுலயிருந்தே படிக்கலாம். காலையிலயிருந்து படிச்சிட்டுத்தான் இருக்காங்க.