பந்து வராத இடது ஓரம்

மானுஸ் தீவு தந்த மாருதமே! பாப்புவா நியூ கினி மகளிர் ரக்பி லீக் அணியின் இடது ஓரத்தை எட்டாண்டுகள் ஏற்றமுறக் காத்த ஏந்தலே! பதினொரு பன்னாட்டுப் போட்டிகளில் பதறாத பாதமே! ரோலின் பொமாட் அவர்களே, விடைபெறும் தங்களை வணங்கி இம்மடலை வாசிக்கிறோம்.

சாதனைகளை அடுக்குவது மரபு. அடுக்குகிறோம். தாங்கள் பாய்ந்து வீழ்த்திய எதிராளிகள் இருநூற்று ஆறு பேர். முறிந்த விரல் இரண்டு, பெயர்ந்த பல் ஒன்று, வலது முழங்காலில் கத்தி வைத்தது இருமுறை. எதிரணிக் கோட்டைக் கடந்து பந்தை ஊன்றிய ட்ரை: ஒன்றுமில்லை. ஓரத்தில் ஆடுபவரின் வேலையே அதுதான் என்று அறிந்தோர் தங்களைக் குறை சொல்லக்கூடும். குறை தங்களுடையதன்று.

எண்ணூறு மொழி பேசும் நம் நாட்டில், மூச்சு முட்டும் நேரத்தில் எவளும் தாய்மொழியில்தான் பந்து கேட்பாள்; கையில் வைத்திருப்பவளும் தன் மொழிக்காரிக்கே, தன் வான்டொக்குக்கே, எறிவாள். நம் பதின்மூவரில் மலைநாட்டுச் சிம்புக்காரிகள் எழுவர், கடற்கரை மோட்டுக்காரிகள் ஐவர், மானுஸ்காரி தாங்கள் ஒருவர். பந்து மலையிலிருந்து மலைக்குப் போயிற்று, கரையிலிருந்து கரைக்குப் போயிற்று. தீவுக்குத்தான் கப்பல் இல்லை.

"ஏண்டி டெல்மா, நான் என்ன நட்டுவெச்ச கம்பமா? கத்திக் கத்தித் தொண்டையே போச்சு!" என்று ஒருநாள் பேருந்தில், எல்லோருக்கும் பொதுவான மொழியில், கேட்டீர்கள். தங்களுக்கு அடுத்து நின்று ஆடும் சிம்புக்காரி டெல்மா கெரெங்கா, "நீ கத்துறது உங்க ஊரு மீனுக்குத்தான்க்கா புரியும்" என்றார். பேருந்தே சிரித்தது. தாங்களும் சிரித்தீர்கள்.

அதன்பின் தாங்கள் செய்ததை வேறெவர் செய்வார்! துறைமுக அலுவலக வேலை முடிந்ததும், சந்தையில் பாக்கு விற்கும் சிம்புப் பெண்களோடு அமர்ந்து, ஒரு மழைக்காலம் முழுக்க அவர்களுடைய குமான் மொழியைக் கற்றீர்கள். எங்களிடம் மூச்சு விடவில்லை. சிவந்த பல்லை மட்டும் கண்ட கோச் வாகி, "இந்தப் பொண்ணு இவ்ளோ பாக்குப் போடுதே, ஓடுறப்ப மூச்சு வாங்காதா?" என்று கவலைப்பட்டார்.

இனி ஒரே ஒரு போட்டிக்குத்தான் முழங்கால் தாங்கும் என்று மருத்துவர் சொல்லிவிட்ட பிறகு வந்த அந்தக் கடைசிப் போட்டி. இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். மிச்சம் அரை நிமிடம். பந்து டெல்மா கையில். இடது ஓரத்தில் எதிராளி எவருமில்லை. "அடியே! இங்க போடுடி, இங்க!" என்று குமானில் கூவினீர்கள். உச்சரிப்பில் மாசில்லை, பாக்குக்காரிகளின் குரல்வளமும் கூடியிருந்தது.

டெல்மா தங்களைப் பார்க்கவில்லை. பார்வையாளர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். பந்து நழுவிற்று. ஆட்டம் முடிந்ததென்று சங்கு ஊதிற்று.

"எங்க சித்திதான் மலையிலேருந்து வந்துட்டாங்கன்னு நெனச்சுட்டேன்க்கா," என்றார் டெல்மா, உடைமாற்றும் அறையில், தலை தூக்காமல்.

"நான்னு தெரிஞ்சிருந்தா போட்டிருப்பியா?"

டெல்மா மணிக்கட்டுக் கட்டை அவிழ்க்கத் தொடங்கினார். மற்றப் பதினொருவரும் காலணிக் கயிற்றை அவிழ்ப்பதில் மும்முரமானோம். எட்டாண்டில் அன்றுதான் தாங்கள் சிரிக்கவில்லை.

அந்தக் கேள்விக்கு இன்று விடை தருகிறோம். தங்கள் மொழி புரியவில்லை என்று எட்டாண்டுகளாகச் சொல்லிவந்தோம். ஆளில்லாத ஓரத்தில் ஒருத்தி கையைத் தூக்கிக் கத்தினால் அவள் பந்தைத்தான் கேட்கிறாள். அது எங்களுக்கு முதல் போட்டியிலேயே புரிந்தது.

நோவில்லாத முழங்காலோடும் குறையாத குரலோடும் தாங்கள் நூறாண்டு வாழ்க! மன்னிப்பை மட்டும் கேட்கமாட்டோம். கேட்டால் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவீர்கள்.

இங்ஙனம்,
பந்தைத் தராத பன்னிருவர்,
போர்ட் மோர்ஸ்பி.