ஆறாம் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்கு

என் மகள் பெய்-ருங் ஊசி போட்டால் வலிக்காது. பெற்றவன் என்பதால் சொல்லவில்லை. பழகும்போது என் கையில்தான் முதலில் குத்தினாள். மற்ற நர்ஸுகள் குத்தியதும் எனக்குத் தெரியும். மீனைச் செவுளில் குத்தித் தூக்குவது போலக் குத்துவார்கள்.

நான் படித்தவன் இல்லை. தைனான் கடற்கரைப் பக்கம் பால்கெண்டை மீன் வளர்க்கிற குளம் வைத்திருந்தேன். நீங்கள் கேட்கிறீர்கள், சொல்கிறேன். மறைக்க ஒன்றும் இல்லை.

என் மனைவி சியூ-கிம் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் ஆறாம் மாடியில் கிடந்தாள். மூக்கில் குழாய் போட்டுத்தான் ஆகாரம். கூலிக்கு வந்த ஆயாக்கள் மூன்று பேரை விரட்டினேன். ஒருத்தி அவளைத் திருப்பிப் போடும்போது போனில் பேசிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி சும்மா சும்மா சிரித்தாள். மூன்றாமவளிடம் குற்றம் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அப்போது பெய்-ருங்குக்கு நர்ஸ் படிப்பில் கடைசிப் பருவம். அதே ஆஸ்பத்திரியில் ஏதாவது ஒரு பிரிவில் சேர்ந்து, படிப்பு முடிகிற வரை வேலை பழக வேண்டும். எந்தப் பிரிவு என்று மாணவிகளே எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் அங்கேயே வேலையும் கிடைத்துவிடும். ஆறாம் மாடியை எடு என்றேன்.

“அங்க என்னைப் போட மாட்டாங்கப்பா. சொந்தக்காரங்க படுத்திருக்கிற இடத்துல மாணவியை விடக் கூடாதாம். லியாவ் டீச்சர் கண்டிப்பா சொல்லிட்டாங்க.”

“பெத்த அம்மாவைப் பார்க்கக் கூடாதுன்னு எந்தக் கிறுக்கன் சட்டம் போட்டான்?”

“கிறுக்கன் இல்லப்பா, பட்டவன் போட்டிருப்பான். நான் ஐ.சி.யூ. எடுக்கப் போறேன். ஒரு நர்ஸுக்கு ரெண்டே ரெண்டு நோயாளி. உங்களை மாதிரி ஆளுங்க உள்ள வந்து நச்சரிக்கவும் முடியாது.”

சட்டம் என்றதை நான் நம்பவில்லை. பீ அள்ளப் பிடிக்காமல் சொல்லும் சாக்கு என்று நினைத்தேன். ஒருத்திக்கு இரண்டு பேர் என்றதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டேன்.

எதற்கும் கடலம்மனிடம் கேட்டுவிடலாம் என்று கோயிலுக்குக் கூட்டிப் போனேன். ஆறாம் மாடியா என்று கேட்டு, குறி பார்க்கும் பிறைக்கட்டை இரண்டையும் நான் எறிந்தேன். இரண்டும் கவிழ்ந்து விழுந்தன. அம்மனுக்கு இஷ்டமில்லை. ஐ.சி.யூ.வா என்று பெய்-ருங் எறிந்தாள். ஒன்று நிமிர்ந்தது, ஒன்று கவிழ்ந்தது. மறுபடியும் அப்படியே, மூன்றாம் தடவையும் அப்படியே. மூன்று தடவை ஆமாம் என்று விழுந்தால் அதற்கு மேல் பேச்சில்லை.

“பார்த்தீங்களா, அம்மனும் என் கட்சி,” என்றாள்.

மனிதர் சொன்னால் நான் நம்ப மாட்டேன். அம்மன் சொன்னால் கேட்பேன். மகள் இருக்க வேண்டிய இடம் இரண்டாம் மாடி ஐ.சி.யூ. என்று முடிவாகிவிட்டது. அவள் அம்மா அங்கே இல்லை என்பதுதான் மிச்சமிருந்த குறை. மகளை நகர்த்த முடியாதென்றால் தாயைத்தான் நகர்த்த வேண்டும். இதில் குழம்ப ஒன்றும் இல்லை.

ஆறாம் மாடி நர்ஸிடம் விசாரித்தேன். “எப்பம்மா கீழ ஐ.சி.யூ.வுக்கு அனுப்புவீங்க?”

“மூச்சு விட முடியாமப் போனா அனுப்புவோம் தாத்தா. நீங்கதான் அந்த நிலைமைக்கு விடாமப் பார்த்துக்கிறீங்களே.”

அது உண்மை. நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். விழுங்க முடியாதவளுக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் நுரையீரலுக்குப் போய்விடும், தலைமாட்டை உயர்த்தியே வைக்க வேண்டும் என்று பெய்-ருங் சொல்லிக் கொடுத்திருந்தாள். அவள் சொல்லிக் கொடுத்தால் எனக்கே மறக்காது.

பெய்-ருங் ஐ.சி.யூ.வில் வேலை பழகச் சேர்ந்ததும் பால்கெண்டைக் கஞ்சி வைத்தேன். முள்ளையெல்லாம் எடுத்துவிட்டேன். தொண்டையில் குத்தக் கூடாது அல்லவா. சூடு ஆறவும் விட்டேன். திரையை இழுத்துவிட்டுக் கட்டிலைத் தட்டையாக இறக்கினேன். சியூ-கிம் ஸ்பூனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள். மாதக்கணக்கில் நாக்கில் ருசி படாதவள். இரண்டாவது வாய்க்கே இருமல் வந்துவிட்டது. வெறும் இருமலுக்கெல்லாம் கீழே அனுப்ப மாட்டார்கள். அதனால் நிறுத்தவில்லை. முகம் நீலம் பாரிக்கும் வரை கொடுத்தேன். பிறகு வாயைத் துடைத்து, கட்டிலை உயர்த்தி, மணியை அடித்தேன்.

இரண்டாம் மாடிக்குத்தான் கொண்டுபோனார்கள். நான் நினைத்தது அதுவரை சரியாகத்தான் நடந்தது.

கெடுத்தது லியாவ் டீச்சர். அம்மா உள்ளே வந்துவிட்டாள் என்று தெரிந்ததும் பெய்-ருங்கை அங்கிருந்து எடுத்துவிட்டார். சட்டம் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆறாம் மாடியில் இப்போது தடை இல்லை, அங்கே போ என்றாராம். சியூ-கிம் முன்பின் தெரியாதவர்கள் கையில் கிடந்து, அந்த வாரமே போய்விட்டாள்.

மூச்சுக்குழாயை உறிஞ்சிச் சுத்தம் செய்தபோது இஞ்சித் துணுக்கு வந்ததாம். பெய்-ருங் ஆறாம் மாடி வராந்தாவில் என்னை நிறுத்தினாள்.

“அப்பா, அம்மாவுக்கு வாயில குடுத்தீங்களா?”

“குடுத்தேன்.”

“மறந்துபோய்க் குடுத்துட்டீங்க, இல்ல?”

“நீ சொன்னது எனக்கு எப்படி மறக்கும்?”

சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “இஞ்சி வேற போட்டிருக்கீங்க,” என்றாள்.

“இஞ்சி இல்லாம மீன் கஞ்சியை அவ தொட மாட்டாளேம்மா,” என்றேன்.

உங்களிடம் வந்து சொன்னதும் அவள்தான். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். சியூ-கிம்மைக் கொன்றது நான். சாகட்டும் என்று செய்யவில்லை, மகள் பக்கத்தில் இருக்கட்டும் என்று செய்தேன். என் பெண்டாட்டி இருந்தால் இதைப் புரிந்துகொள்வாள்.

இங்கே அடைத்த பிறகு பெய்-ருங் என்னைப் பார்க்க ஒரு தடவைகூட வரவில்லை. பாவம், ஆறாம் மாடியில் வேலை அதிகம்.