ஜன்னல் பக்கம் அடிக்காதே

– இதைப் போய் தாடின்னு வெளியில சொல்லாத இல்மோ, ஊரு சிரிக்கும். தாடையில மூணு முடி ஒட்டிக்கிட்டு இருக்கு. தொடைச்சுக்கோ.

– ஐஸ் ஹாக்கியில பிளேஆஃப் முடியற வரைக்கும் யாரும் ஷேவ் பண்ணக் கூடாதுன்னு டீம்ல சட்டம் அண்ணே. பத்தொம்பது வயசுல எனக்கு முளைச்சது இவ்ளோதான். ஆனா உனக்கு இன்னிக்கு ராத்திரியே ஷேவிங் இருக்கு. புது பிளேடா பாத்து வாங்கிக்கோ.

– அடேங்கப்பா, வாய் நீளுது. காலை ஒழுங்கா நீட்டி மடக்கு ராசா, ஆட்டம் ஆரம்பிக்கும்போது இடுப்பு பிடிச்சுக்கப் போகுது.

– நீ எதுக்கு நடுக்கோட்டுல வந்து நிக்கற? உங்க பக்கம் போய் வார்ம்-அப் பண்ணு. உங்க கோச் முறைக்கறாரு பாரு.

– முறைக்கட்டும். எதிர் டீம் கீப்பரா இருந்தா மட்டும் கூடப் பொறந்தவன் இல்லைன்னு ஆயிடுமா? அண்ணன் தம்பிக்கு நாலு வார்த்தை சொல்லிட்டுப் போறேன்.

– ஆறு ஆட்டமா பெஞ்ச்ல உக்காந்து தண்ணி பாட்டில் நீட்டிக்கிட்டு இருந்தேன், அப்பல்லாம் ஒரு வார்த்தை சொல்ல வரலையே?

– அப்ப நீ பாட்டில் பையன். இன்னிக்குத்தானே கீப்பர். உங்க பெரிய கீப்பருக்குத் தொடை இழுத்துக்கலைன்னா, ஏழாவது ஆட்டத்துல உன்னை யாரு இறக்குவா? அதுவும் ஆளுக்கு மூணு ஜெயிச்சு சமமா நிக்கற நேரத்துல. பயமா இருக்கா கண்ணு?

– பசிக்குது.

– பொய்.

– சத்தியமா. கோச் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு. ஜெயிச்சா செமிஃபைனல் முழுக்க கோல் என்னுது. தோத்தா திரும்ப ஜூனியர் பசங்க பஸ்ஸு, அடுத்த சீசனுக்கு வெளியில இருந்து ஒரு கீப்பரைக் கூட்டிக்கிட்டு வந்துடுவாங்க. கணக்கு சுத்தமா இருக்கு, இதுல பயப்பட என்ன இருக்கு? பாத்துக்கலாம்.

– எனக்கும் அதே கணக்குதான் ராசா. தோத்தா எங்க சீசன் இன்னியோட முடிஞ்சுது. கான்ட்ராக்டும் முடிஞ்சுது. அதனால உன் மேல எனக்கு இன்னிக்குப் பாசம் கிடையாது, சொல்லிட்டேன்.

– என்னிக்கு இருந்துச்சு?

– ஏன், நேத்து உனக்கு சால்மன் சூப் கொண்டு வரலாம்னு கூட நினைச்சேன்.

– நேத்து வீட்டுக்குப் போனியா? ஆட்டத்துக்கு முந்தின நாளா? எதுக்கு?

– சூப் குடிக்கத்தான். அம்மா கம்பு ரொட்டி சுட்டிருந்தாங்க. அங்க பாரு, நடு வரிசையில உக்காந்திருக்காங்க. ரெண்டு டீம் துண்டையும் பாதி பாதி வெட்டித் தெச்சு கழுத்துல போட்டிருக்காங்க.

– பாத்தேன். நான் இருக்கற பக்கம் எங்க பாதி தெரியற மாதிரி திருப்பிப் போட்டுக்கிட்டாங்க, கவனிச்சியா?

– கடைக்குட்டிச் செல்லம். சரி, கேட்டுக்கோ. உன் ஆட்டத்துல ஓட்டை எங்கன்னு உலகத்துல எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு எவனுக்கும் தெரியாது.

– இது என்ன ரகசியமா? சீக்கிரம் முட்டி போட்டுடறேன், தோளுக்கு மேல காலியா விட்டுடறேன். பெரிய டீமுக்கு ஆள் எடுக்கப் பாக்க வந்தவங்க அத்தனை பேரும் இதையேதான் சொல்லிட்டுப் போனாங்க. கனடாவுல இருந்து வந்தவன் கூட.

– அவனுங்களுக்கு ஓட்டை தெரியும். ஓட்டை ஏன் வந்துச்சுன்னு தெரியுமா? நம்ம வீட்டு நீராவிக் குளியல் அறை, அந்த சவுனா ஜன்னல்தான் காரணம்னு தெரியுமா?

– அதை ஞாபகப்படுத்தாத. கொல்லையில சவுனா சுவத்துல சாத்தி வெச்ச கோல், அதோட கம்பிக்கு நேர் மேல அந்த ஜன்னல். பக், அந்த ரப்பர் வில்லை, கொஞ்சம் எழும்பினா போதும், சமையக்கட்டுல இருந்து சத்தம் வரும்.

– "ஜன்னல் பக்கம் அடிக்காதே!"

– அப்படியே அம்மா குரல்! முட்டிக்கு மேல ஒரு பக் போனா அன்னிக்கு ஆட்டம் குளோஸ். ரெண்டு பேருக்கும் சவுனாவுக்கு விறகு பிளக்கற வேலை.

– கம்பளித் தொப்பி போட்டுக்கிட்டு, கால்ல சோபா மெத்தையைக் கயித்தால கட்டிக்கிட்டு நிப்ப. நாலு வயசு. எனக்குப் பத்து. என் கூட ஆட ஆள் கிடையாது, சின்னவனைப் பிடிச்சு கோல்ல நிறுத்தினேன். அழுதுக்கிட்டே நிப்ப.

– அழல. மூக்கு ஒழுகும், அவ்வளவுதான். அண்ணே, நீ ஒண்ணை மறந்துட்ட. நான் தரையைப் பாத்தே வளர்ந்தேன் சரி. நீ? தரையோட தரையா அடிச்சே வளர்ந்தவன்தானே? இந்த லீக்லயே பக்கைத் தூக்கி அடிக்கத் தெரியாத ஒரே ஃபார்வர்டு யாரு? கார்லோ லெஹ்தோவாரா!

– எனக்குத் தெரியாது. என் டீம்ல மீதி இருக்கறவனுக்கெல்லாம் தெரியுமே. பஸ்ல வரும்போதே சொல்லிட்டேன்.

– என்னன்னு?

– ஜன்னலைப் பாத்து அடிங்கடான்னு.

– அட துரோகி!

– தோத்தவன் ஈஸ்டருக்கு விறகு பிளக்கணும், சவுனா பத்த வெக்கணும். பந்தயமா?

– பந்தயம். கோடாலியை இப்பவே தீட்டி வெச்சுக்கோ.

*

– பின்னாடியைத் தள்ளிக்கோ அண்ணே, நீ மறைக்கறதுல எனக்குப் பக்கே தெரியல.

– தெரியக் கூடாதுன்னுதானே நிக்கறேன். இந்த உடம்பை எப்படி வளர்த்தேன்னு நினைச்ச?

– சூப் குடிச்சு.

– யாரு கூட பேசிட்டு இருந்த இப்போ? கம்பி கூடவா?

– நன்றி சொன்னேன். உங்க ஆள் அடிச்சது கம்பியில பட்டுத் தெறிச்சுதே, சும்மா விட முடியுமா? என் கூட மூணு பேர் ஆடறாங்க. இந்தக் கம்பி, அந்தக் கம்பி, மேல ஒண்ணு.

– லூசு.

– கீப்பர்னா லூசாத்தான் இருக்கணும். நீதானே என்னை ஆக்கின? பெசோனன் அண்ணே! இவரைக் கொஞ்சம் தள்ளி விடுங்க, காத்து வரல!

*

– தம்பி, ஒரு விஷயம். நான் உனக்கு டிஃபென்ஸ் நிக்கறவன், நேராத்தான் பேசுவேன், சரியா?

– சொல்லுங்க பெசோனன் அண்ணே.

– உங்கண்ணன் போட்டானே ஒரு கோல். கால் நடுவுல, தரையோட. ஒரு கிழவி கூட அதைப் பிடிச்சிருப்பா, சரியா?

– மேல வரும்னு நின்னுட்டேன். முட்டி போடத் தாமதமாயிடுச்சு.

– ஏன் நின்ன? நீ எப்பவும் டபக்னு விழுற ஆளாச்சே. அவனுங்க பெஞ்ச்ல வேற ஏதோ ஜன்னல் ஜன்னல்னு கத்தறானுங்க. என்னடா ஜன்னல்? ஹால்ல ஒரு ஜன்னலையும் காணோம்.

– எங்க வீட்டு ஜன்னல் அண்ணே. அது பெரிய கதை. குளிர்காலம் முழுக்க கோச் நான் விழ முடியாம இடுப்புல ரப்பர் பட்டை கட்டி நிக்க வெச்சு, மேலயே அடிச்சுப் பழக்கினாரு. பக் வர்ற வரைக்கும் நின்னுக்கிட்டே இருக்கணும். அதான் நின்னேன். இந்த ஒரு கோல் அதுக்கு நான் குடுத்த விலை.

– விலை கொஞ்சம் ஜாஸ்தி தம்பி. ரெண்டுக்கு ஒண்ணுன்னு ஜெயிச்சுக்கிட்டு இருக்கோம், இன்னும் ஒண்ணு விட்டா சமம். பழையபடி விழுந்துடு, சரியா? பழகின ஆட்டத்தை ஆடு. புதுசெல்லாம் அடுத்த வருஷம்.

– மாட்டேன்.

– என்ன மாட்டேன்?

– விழ மாட்டேன். அதுக்கப்புறம் ஜன்னலைப் பாத்து எத்தனை அடிச்சானுங்க, நீங்களே பாத்தீங்க. ஒண்ணாவது உள்ள போச்சா?

– போகல.

– பழைய ஆளா இருந்திருந்தா இந்நேரம் அஞ்சாவது வாங்கியிருப்பேன். நான் நின்னுதான் ஆடப் போறேன். எனக்குத் தெரியுது அண்ணே, இன்னிக்கு பக் எனக்கு எங்கம்மா சுடற ரொட்டி சைஸ்ல தெரியுது.

– அது என்ன சைஸோ. உன் வாய் மட்டும் பெரிய சைஸு. சரி, நில்லு. என்னால முடிஞ்சதை நான் தடுக்கறேன். உங்கண்ணனை மட்டும் தனியா விட மாட்டேன், சரியா?

*

– தம்பி... தப்பு பண்ணிட்டேன்.

– எழுந்திருங்க பெசோனன் அண்ணே. அடி பட்டுச்சா?

– எனக்கு இல்லடா. அவன் தனியாப் பூந்துட்டான், பின்னால இருந்து காலை இழுத்துட்டேன். ரெஃப்ரி நடுப் புள்ளியைக் காட்டறாரு. பெனால்டி, அவன் ஒருத்தன் நீ ஒருத்தன். ஒரு நிமிஷம் கூட மிச்சம் இல்ல, போயும் போயும் உங்கண்ணன் கையில பக்கைக் குடுத்துட்டேன். அவன் போட்டா சமம்.

– போட்டாத்தானே?

– உனக்குப் பயமா இல்லையா?

– இருக்கு. ஆனா மாஸ்க்குக்குள்ள யாருக்குத் தெரியப் போகுது? நீங்க பெஞ்சுக்குப் போங்க. அண்ணன் எழுந்து வர்றான், நான் பேசிக்கறேன்.

– கண்ணு, உங்க பெசோனன் என் முதுகை உடைச்சுட்டான்.

– அம்மா எண்ணெய் தேய்ச்சு விடுவாங்க அண்ணே. விறகு பிளக்கறதுக்கு முன்னாடி.

– அம்மாவைப் பாரு. கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருக்காங்க.

– எந்தக் கண்ணை? உன் பக்கத்தையா, என் பக்கத்தையா?

– ரெண்டையும்தான். டேய், எங்க அடிக்கப் போறேன்னு சொல்லட்டுமா?

– கீழதான். உனக்கு வேற தெரியாதே. ஓடி வருவ, வலது தோளை ஆட்டுவ, கால் நடுவுல தள்ளுவ. சின்ன வயசுல இருந்து இதேதான். தூக்கத்துல கூடப் பிடிப்பேன்.

– அப்ப முட்டி போட்டு ரெடியா இரு ராசா.

– நீ ரெடியா இரு. போ, ரெஃப்ரி கூப்பிடறாரு.

*

– கையை இப்படிக் குடு. வரிசையில நிக்கறவனெல்லாம் காத்துக்கிட்டு இருக்கான்.

– அண்ணே...

– பேசாத. முதல்ல கையைக் குடு. ஏழு ஆட்டம் ஆடி முடிச்சா ரெண்டு டீமும் கை குலுக்கிட்டுத்தான் போகணும். எங்க சீசன் முடிஞ்சுது, உங்க செமிஃபைனல் உனக்கு. நல்லா இரு.

– உனக்கு இருபத்தஞ்சுதானே ஆகுது. எவனாவது கூப்பிடுவான்.

– கூப்பிடாம எங்க போவானுங்க? என்னைப் பாத்துப் பாவப்படாத, பிடிக்காது. இப்ப ஒண்ணு சொல்லு. நான் வந்தப்போ உன் தோள் இறங்குச்சு. முட்டி மடங்குச்சு. என் கண்ணால பாத்தேன். விழுந்துட்டான், பழைய தம்பிதான்னு நினைச்சுத்தான் மேல தூக்கினேன்.

– விழற மாதிரி காட்டினேன்.

– காட்டினியா?

– உன்னை மேல அடிக்க வெக்கணும்னு இல்ல. கீழ வரும்னு நினைச்சு, உன் கையை அவசரப்படுத்தத்தான் காட்டினேன். நீ தூக்குவன்னு கனவுல கூட நினைக்கல. மேல வந்ததும் கை தானா போயிடுச்சு. குளிர்காலம் முழுக்கப் போன கை. பிடிச்சப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது, பக் கிளவுஸ்குள்ள இருக்குன்னு.

– மோசமாவா அடிச்சேன்?

– இல்லண்ணே. அருமையான ஷாட்டு. கம்பிக்குக் கீழ, அப்படியே செதுக்கின மாதிரி. இந்த வருஷம் எனக்கு வந்ததுலயே அதுதான் கஷ்டமான ஷாட்டு. அதான் கேக்கறேன், உனக்கு எப்படி வந்துச்சு? பக்கைத் தூக்க எங்க கத்துக்கிட்ட?

– நேத்து.

– நேத்து வீட்டுக்குத்தானே போனேன்னு சொன்ன?

– வீட்டுலதான். நம்ம பழைய கோல்ல. நீதான் இறங்கறன்னு தெரிஞ்சதும் வண்டியை எடுத்துக்கிட்டு நேரா அங்க போனேன். சாயங்காலம் வரைக்கும் ஜன்னலைப் பாத்தே தூக்கி அடிச்சேன்.

– அய்யோ! அம்மா சும்மா விட்டாங்களா? கண்ணாடி?

– முதல் பக்கே கை தவறி நேரா ஜன்னலுக்குப் போச்சு. கண்ணை மூடிக்கிட்டேன். டங்குனு ஒரு சத்தம். திரும்பி வந்து என் முழங்கால்லயே அடிச்சுது.

– திரும்பி வந்துச்சா?

– அது கண்ணாடியே இல்லடா. ஐஸ் ஹால்ல சுத்தி நிக்குதே, ஆளுங்க மேல பக் படாம இருக்க, அந்த பிளாஸ்டிக் தடுப்பு. பீரங்கி வெச்சாலும் உடையாது. பழைய ஹாலை இடிச்சப்போ அப்பா ஒரு துண்டு வாங்கிட்டு வந்து மாட்டினாராம்.

– எப்போ?

– நீ முதல் முதலா மெத்தையைக் கட்டிக்கிட்டு கோல்ல நின்னியே, அந்தக் குளிர்காலத்துலயே.

– அந்த வருஷமேவா? அப்ப இத்தனை வருஷமா... உடையாத ஜன்னலுக்காகவா அம்மா கத்தினாங்க? நான் தரையில விழுந்து விழுந்து, ஊரெல்லாம் ஓட்டைன்னு சொல்லி, இடுப்புல ரப்பர் கட்டி... எதுக்கு அண்ணே? ஏன்னு கேட்டியா?

– கேக்காம வருவேனா? சூப்பைக் கலக்கிக்கிட்டே, திரும்பிக் கூடப் பாக்காம சொன்னாங்க.

– என்ன சொன்னாங்க?

– "உனக்கு அப்ப பத்து வயசு கார்லோ. சின்னவன் தலையில வெறும் கம்பளித் தொப்பி. ஜன்னல் உடையும்னு சொன்னா நீ பயப்படுவே. தம்பி மூஞ்சி உடையும்னு சொன்னா பயப்படவா போறே?"