நாற்பது பேர் கேட்ட பாட்டு

“ஜப்பான்ல இந்தப் பாட்டை மொத்தமே நாப்பது பேருதாம்லே கேட்டிருக்காவ. நம்ம லைன் வீட்டுல அதுக்கு மேலயே இருக்கும்.”

முத்தையாபுரத்திலிருந்து துறைமுகத்துக்குப் போகும் காலை பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்த கிரேன் ஓட்டுகிறவர் சொன்னார். மடியில் டேப் ரிக்கார்டரைத் துண்டால் சுற்றி வைத்திருந்தார். பக்கத்தில் இருந்தவர் கூட வேலை பார்க்கிறவர் போல.

“போன தடவை கப்பல்காரன் ஒருத்தன் கேசட் தந்தான்னு சொன்னியே, அதா?”

“அதான். பாடுதது அவன் தம்பி. நாலு பேரு கிட்டாரு, டிரம்முன்னு ஒரு ரூமுக்குள்ள இருந்து அவங்களே பதிஞ்சது. எந்த ரேடியோவும் போடலையாம். கேக்க ஆளில்லன்னு தம்பி இப்பம் கிட்டாரை வித்துட்டு மீன் கம்பெனிக்குப் போயிட்டானாம்.”

“இங்கன இத்தன பேரு கேக்காவன்னு சொல்ல வேண்டியதுதான?”

“இந்தத் தடவை கப்பல் வந்ததும் அவன்ட்ட சொன்னேன். சிரிச்சான். ஆறுதலுக்குச் சொல்லுதேன்னு நினைச்சுட்டான்.”

பஸ் உப்பளம் தாண்டியதும் கிரேன்காரரே தொடர்ந்தார்.

“அதான் நேத்து சாயங்காலம் லைன்ல எல்லாரையும் அவன் தந்த கேசட்ல உள்ள மூணாவது பாட்டைப் பாடச் சொல்லி, வேற கேசட்ல பதிஞ்சிட்டேன். கப்பல் இன்னைக்குக் கிளம்புது.”

“அர்த்தம் தெரியாமலா பாடினாவ?”

“அர்த்தம் யாருக்குத் தெரியும். ஒரு வரி விடாம பாடிட்டாவ.”

“நல்லா விழுந்திருக்கா?”

“நடுவுல ஒரு கோழி கத்துது. பக்கத்து வீட்டு அக்கா பிள்ளைய ஏசுதா. திரும்பப் பதியச் சொன்னா என் வீட்டுக்காரி. நான்தான் வேண்டாம்னுட்டேன். அது இருந்தாத்தான் நம்புவான்.”