ஒற்றைக்கண்ணன்

அன்று குற்றாலத்திலிருந்து தென்காசி ஸ்டேஷனுக்கு வந்த குதிரை வண்டியில் வண்டிக்காரர், கல்லூரியில் புதிதாகச் செடிப்பாடம் நடத்த வந்த ஐயா, அவருடைய பியூன், நான் ஆக நாலு பேர். ஐயாவின் மடியில் ஈரத்துணியில் பொதிந்த அருவிப் பாசி.

“இது வாடுமுன்னே பாக்கணும் அண்ணாச்சி. மைக்ராஸ்கோப்புக்கு மெட்ராஸுக்கு எழுதி மூணு மாசமாச்சு,” என்றார் பியூனிடம்.

“ஒத்தக்கண்ணன்கிட்ட காட்டுங்களேன் ஐயா.”

வண்டி குடை சாய்ந்துவிடுமோ என்று சக்கரத்தையே பார்த்திருந்த நான் திரும்பினேன்.

“அது யாரு?”

“நம்ம பக்கத்து ரூம் பூச்சி வாத்தியார் அலமாரியில நிக்கான். குனிஞ்சு பாத்தா கொசுக்காலு பனைமரமாத் தெரியும். கேட்டா யாருக்கும் குடுப்பாரு.”

“அடடா, அதுதான் மைக்ராஸ்கோப்பு! பக்கத்து ரூம்லயா? ஏன் சொல்லல?”

“நீங்க ஒத்தக்கண்ணன்னு கேக்கலையே!”

ஐயா குலுங்கிச் சிரித்தார். பாசியைத் தூக்கிக் காட்டி, “வெரசா விடும்வே,” என்றார் வண்டிக்காரரிடம். “இவளுக்கு மாப்பிள்ளை கிடைச்சாச்சு!”