நான் எழுதிய ஒரே வரி

எனக்குக் காபியில் சர்க்கரை கம்மியாக இருக்கட்டும், இன்ஸ்பெக்டர் சார். அது சரியாக இருந்தால் பேச்சும் சரியாக வரும்.

நான் ரெனால்ட். சத்துவாச்சாரியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். 2003இல் ஒரு பத்திரிகையோடு வந்த சிடியில் அந்த புரோகிராம் கிடைத்தது. மீட்டர் காட்டும் அளவைக் கவனித்துக்கொண்டே இருக்கும். எல்லை தாண்டினால் அலாரம் அடிக்கும். எழுதியவன் யாரோ வெளிநாட்டுப் புண்ணியவான். கூடவே ஒரு லைசென்ஸ் தாளும் வைத்திருந்தான். யாருக்குப் பிரதி கொடுத்தாலும் இந்தத் தாளையும் கொடு, புரோகிராமை எழுதிய மூல வரிகளையும், அதாவது சோர்ஸ் கோடையும், மறைக்காமல் கொடு என்று. ஓசியில் கொடுக்கிறவனுக்கு இவ்வளவு அதிகாரம். தாளை அழித்தேன். அவன் பெயர் இருந்த இடத்தில் என் பெயரைப் போட்டேன். ஆம்பூர் பக்கம் தோல் பதனிடும் பதினொரு டேனரிகளுக்குக் கொடுத்தேன். கழிவுத் தொட்டியில் விஷவாயு இருந்தால் அலாரம் அடிக்கும். அடிக்கவில்லை என்றால் ஆள் இறங்கிச் சேறு அள்ளலாம். ஒரு முதலாளியும் இதை எழுதியது யார் என்று கேட்கவில்லை. திரையில் கலர் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

கேட்டது ஷஹீன் பானு. அதில் ஒரு டேனரியில் கம்ப்யூட்டர் பார்த்தவள். அதே சிடி அவள் வீட்டிலும் இருந்திருக்கிறது. கடைக்கே வந்துவிட்டாள்.

"சார், செவுத்து மீட்டர்ல முள்ளு ஏறுது, அலாரம் அடிக்க மாட்டேங்குது. சோர்ஸ் கோடு குடுங்க, நானே பாத்து சரி பண்ணிக்கறேன். கேட்டா குடுக்கணும்னு லைசென்ஸ்லயே இருக்குது. கன்னியப்பன் அண்ணன் அலாரத்த நம்பித்தான் எறங்குறாரு."

சட்டம் படித்த மாதிரி ஒரு தோரணை. இது என் சொந்தச் சரக்கு, யாருக்கும் காட்டும் வழக்கமில்லை என்று அனுப்பிவைத்தேன். அவள் விடவில்லை, இரண்டு கடிதம் போட்டாள். அவள் முதலாளிக்குப் போன் செய்து, உங்களிடம் வேலை பார்க்கும் பெண் என் தொழில் ரகசியத்தைத் திருடப் பார்க்கிறாள் என்றேன். அவருக்கு யோசிக்கிற பழக்கமில்லை. அன்றைக்கே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

கன்னியப்பன் இறங்கும்போதெல்லாம் அவள் சுவர் மீட்டருக்குப் பக்கத்தில் நின்று, முள் ஏறினால் குரல் கொடுத்து மேலே வரச் சொல்வாளாம். இதுவும் எனக்குத் தெரியும். இரண்டாவது கடிதத்தில் எழுதியிருந்தாள்.

அடுத்த வியாழக்கிழமை காலை கன்னியப்பன் இறங்கினார். மீட்டரைப் பார்க்க ஆளில்லை.

அலாரம் ஏன் அடிக்கவில்லை என்று கேட்டீர்கள். அது ரொம்ப ஜாஸ்தியாக அடிக்கிறது, வேலை நிற்கிறது, பேஜாராக இருக்கிறது என்று ஆரம்பத்தில் முதலாளிகள் மாற்றி மாற்றிப் போன் செய்தார்கள். வாயு பத்து நிமிடம் குறையாமல் இருந்தால்தான் அடிக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். அதன் பிறகு ஒரு புகாரும் இல்லை. சோர்ஸ் கோடைக் கொடுத்திருந்தால் அந்தப் பெண் முதலில் அந்த வரியைத்தான் பார்த்திருப்பாள். கன்னியப்பனுக்கு நான்கு நிமிடம் போதுமாயிருந்தது.

அந்த லைசென்ஸ் தாளை இப்போது பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்திருக்கிறேன். இந்த புரோகிராமுக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது என்று அதில் தெளிவாகப் போட்டிருக்கிறது, ஃபைலில் சேர்த்துக்கொள்ளுங்கள். விசாரிப்பதென்றால் அந்த வெளிநாட்டுக்காரனைத்தான் விசாரிக்க வேண்டும், சார். முழுக்க அவன் எழுதியது. என்னுடையது அதில் ஒரே ஒரு வரி.